மீன் சஹனில் மிஞ்சிய பங்கு

கோரைப்பட்டினத்துக்கு வந்து சீனத்து வீடு எது என்று கேட்டால், எங்கள் தெருப் பிள்ளைகள் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்தச் சஹனைப் பார்க்க வந்தீர்கள், உங்கள் ஆட்களில் யாருடைய பங்கு மிஞ்சிக் கிடக்கிறது என்று திருப்பிக் கேட்கும், ஏனென்றால் அந்த வீட்டில் சோறு ஆறாமல் இருப்பதில் எங்களுக்கு ஆச்சரியம் போய் வெகுகாலம் ஆகிறது, மழை பெய்தால் ஓடு ஒழுகுவது மாதிரி அதுவும் ஒரு வீட்டு விஷயம், அவ்வளவுதான். நான் எதிர்வீட்டுக்காரி, பெயர் சவுதா, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் ஓடிப்போய் ஓடிவந்தவள், ஆகையால் வெளியூர்க்காரர்கள் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்கிற கதைகளை ஓரமாகப் போட்டுவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான், அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆண்பிள்ளையோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவான், இது வாப்பாமார் காலத்திலிருந்து நடப்பது, இதில் ஒருவரும் முகம் சுளித்ததில்லை, சுளித்திருந்தாலும் வெளியே சொன்னதில்லை. சீனத்து வீட்டுக்கு அப்படி மாப்பிள்ளையாக வந்தவர்கள் எல்லாரும் கப்பல்காரர்கள். சீனத்துக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போய்த் திரும்புகிறவர்கள், வெறுங்கையோடு வந்தால் மாமியார் என்ன சொல்வாளோ என்று பயந்து, ஒவ்வொரு பயணத்திலும் வைக்கோல் பொதிந்த பெட்டிகளில் பீங்கான் கொண்டுவந்து இறக்கினார்கள்: பாசிப்பச்சை நிறத்தில் கிண்ணங்கள், பிடி இல்லாத தேத்தண்ணிக் கோப்பைகள், குழம்பு ஊற்றிவைக்கிற மூடி போட்ட ஆணக் கிண்ணங்கள், கழுத்து நீண்ட பன்னீர்ச் செம்புகள், ஒரு பிள்ளை உள்ளே ஒளிந்துகொள்ளலாம் என்கிற அளவுக்குப் பெரிய ஜாடிகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சஹன்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற அகலமான தட்டுக்குத்தான் சஹன் என்று பெயர், அதில் நெய்ச்சோற்றைக் குவித்து நடுவில் கறியை வைத்தால் ஆளுக்குக் கால்பங்கு, பிஸ்மி சொல்லி நாலு கையும் ஒன்றாக இறங்க வேண்டும், நாலு பேரும் முடிக்கிறவரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது.

ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் சீனத்து வீட்டுச் சஹன்கள்தான் போகும். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் பெயர் வைத்திருந்தோம். மயில் சஹன், கப்பல் சஹன், இரண்டாக உடைந்து செம்புக் கம்பியால் தையல் போட்டு ஒட்டிய தட்டுக்குத் தையல்காரி, எல்லாவற்றிலும் பெரியதாக, அடியில் நீல மையில் இரண்டு மீன்கள் ஒன்றையொன்று துரத்துகிற சஹனுக்கு மீன் சஹன். சோறு தீரத் தீரத்தான் மீன் தெரியும், யார் பக்கம் முதலில் வால் தெரிகிறதோ அவர்தான் பெருந்தீனிக்காரர் என்று சிரிப்போம். அதெல்லாம் ஹவ்வா உம்மாள் கைக்கு வீடு வருகிறவரைதான். அவளுக்கு அந்தப் பீங்கான் மேல் அப்படி ஒரு பிடிப்பு, சும்மா சொல்லக்கூடாது, தினமும் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பாள், ஒரு கோப்பையின் விளிம்பு சில்லு போனதற்கு மூன்று வேளை சாப்பிடாமல் கிடந்தாள். வாடகைக்கு ஸ்டீல் தட்டும் பிளாஸ்டிக் தட்டும் வந்தபிறகு, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி எல்லாவற்றையும் தேக்கு அலமாரிகளில் அடுக்கிக் கண்ணாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சென்னையிலிருந்து படித்தவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இப்படி ஒரு சேகரம் இந்தக் கரையிலேயே இல்லை என்றார்கள், அதிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அவளுக்கு ஒரே மகள், ருகையா. அவளுடைய நிக்காஹ் விருந்துக்குத்தான் மீன் சஹன் மறுபடி வெளியே வந்தது. என் மகள் கல்யாணத்தில் ஸ்டீல் தட்டில் போட்டால் சம்பந்தி என்ன நினைப்பார் என்று அவளே எடுத்து, அவளே கழுவி, கூடத்தின் நடுவில் விரித்த பாயில் அவளே வைத்தாள். அதைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தார்கள்: ஹவ்வாவின் மாப்பிள்ளை, வாயில்லாப் பூச்சியான சதக்கு, சம்பந்தி ஜலால், புது மாப்பிள்ளை நுஹ்மான், அப்புறம் ஹவ்வாவுக்கு நேர் இளையவன் மொகுதூம், பெண்ணுக்குத் தாய்மாமன், அந்த வீட்டிலேயே பிறந்து இப்போது தெற்குத் தெருவில் பெண்டாட்டி வீட்டில் இருக்கிறவன். நாங்கள் பெண்கள் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கறி மணக்கிறது, நாலு கையும் இறங்கியாயிற்று, நாலைந்து கவளம் போயிருக்கும், அப்போது மொகுதூமின் விரலில் இருந்த கல் மோதிரம் பீங்கானில் கிர்ரென்று உரசியது.

"மோதிரத்தைக் கழற்றி வச்சிட்டுத் தின்னேண்டா! மீன் கீறுதுல்ல?" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஹவ்வா கத்தினாள்.

சம்பந்தி குனிந்துகொண்டார். மொகுதூமின் முகம் சுண்டிப்போனது. அவன் கையை மெதுவாக உதறினான், எழுந்தான், பாதிச் சாப்பாட்டில் எழுந்தான், எங்கள் ஊரில் அடித்துக்கொண்டு ரத்தம் வந்தாலும் சஹனிலிருந்து அப்படி எழுந்திருக்கக் கூடாது என்பார்கள். "விருந்தாளியைக் கூப்பிட்டு உட்கார வச்சு இப்படியா லாத்தா பேசுவாங்க?" என்று மட்டும் அக்காவைக் கேட்டான். கை கழுவக்கூட நிற்கவில்லை, போய்விட்டான்.

அன்றைக்கு எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் விஷயம் தெரிந்தது. மீன் சஹனில் மூன்று பங்கு தீர்ந்திருந்தது, ஒரு கால்பங்கு சோறு மட்டும் கத்தியால் வெட்டிவைத்த கேக் மாதிரி நின்றது. அதைத் தட்டிவிட்டுக் கழுவிக் கவிழ்த்துவைத்தோம், திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் அதே கால்பங்கு, ஆவி பறக்க, நெய் மணக்க, மேலே இரண்டு முந்திரிப்பருப்போடு இருக்கிறது. மறுபடி கழுவினோம், மறுபடி இருந்தது. இது மொகுதூமுடைய பங்கு, வேறென்ன, என்றாள் சமையலுக்கு வந்தவள், சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள். பூனை மோந்து பார்த்துவிட்டு விலகியது. பசிக்கிறது என்று வந்த பக்கீருக்கு அதை அள்ளிப் போட்டார்கள், அவர் வாயில் வைக்கும்போது வெறும் விரல்தான் இருந்தது, சோறு சஹனில் இருந்தது. இன்னொருத்தருக்கு அல்லாஹ் அளந்த ரிஸ்க் எனக்கு எதுக்கும்மா என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சோறு மிஞ்சியதோடு போயிருந்தால் ஹவ்வா அதையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பாள். ஆனால் அந்தச் சஹனில் கூட உட்கார்ந்த மூன்று பேருக்கும் அன்றையிலிருந்து சாப்பாடு முடியவே இல்லை. நாலாவது ஆள் முடிக்காமல் மற்றவர் எப்படி முடிக்க முடியும்? வலது கை ஈரம் காயவில்லை, எத்தனை சோப்புப் போட்டாலும் நெய்ப்பிசுக்கு, பிடித்த சாமான் வழுக்கி விழுந்தது, என்ன தின்றாலும் இன்னும் பாதிச் சாப்பாட்டில் இருப்பது போலவே இருந்தது. சதக்கு காக்கா, எங்களுக்கு அண்ணன் முறை என்பதால் காக்கா, சட்டைப் பையில் கடலையைப் போட்டுக்கொண்டு தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தார், உட்கார்ந்தால் எழுவார், எழுந்தால் உட்காருவார். சம்பந்தி ஜலால் தொழுகை வரிசையில் நிற்கும்போதும் தாடை அசைந்துகொண்டே இருந்தது. பாவம், அந்தப் பிள்ளை நுஹ்மான்தான் உருகினான். காலையில் இடியப்பம் ஒரு தட்டு, பத்து மணிக்கு ரொட்டி, மதியம் சோறு, சாயங்காலம் அசருக்கு வட்டிலப்பம், எல்லாம் போகும், ஆனால் சட்டை ஒவ்வொரு வாரமும் பெரிதாகிக்கொண்டே வந்தது, கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டான். திருநெல்வேலியில் டாக்டர் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். நல்ல கூத்து!

ஊர் சும்மா இருக்குமா? அலமாரிகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஜமாஅத் பெரியவர்கள் வந்து நின்றார்கள், ஹவ்வா வேண்டாவெறுப்பாகச் சாவியைக் கொடுத்தாள். திறந்தால், அதுவரை வெறும் தட்டாக இருந்தவற்றில், மயில் சஹனில் ஒரு பங்கு, கப்பல் சஹனில் இரண்டு பங்கு, தையல்காரியில் எதிரெதிராக இரண்டு பங்கு, எல்லாம் சூடாக. எந்தெந்தக் காலத்திலோ எந்தெந்தக் கல்யாணத்திலோ கோபித்துக்கொண்டு எழுந்துபோனவர்களின் பங்கெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கூட்டம் தாங்கவில்லை. இது எங்க சாச்சாவோடது, அவருக்குத்தான் முட்டை பிடிக்காது, முட்டை அப்படியே இருக்குது பாருங்க என்று ஒருத்தி அடையாளம் சொன்னாள். அது ஒன்றும் இல்லை, அது உங்க மாமனார் எழுந்துபோனது, நான்தானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று ஒருவர் மறுத்தார், அதில் ஒரு புதுச் சண்டை முளைத்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் சீனத்து வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களின் பங்கு எதிலாவது மிஞ்சியிருக்கிறதா என்று அலமாரியைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்கள். மிஞ்சிய சோறு வீணா, வீண் இல்லையா, அதற்கு யார் பொறுப்பு என்று பள்ளிவாசலில் பேசிப் பேசி அசர் பாங்கே சொல்லிவிட்டார்கள்.

சிலர் வந்து தின்றார்கள், அதையும் சொல்ல வேண்டும். தேர்தல் தகராறில் எழுந்துபோன வெற்றிலைக்கடை மரைக்கார் ஒரு நாள் மதியம், அன்று கூட உட்கார்ந்த மூன்று பேரையும் தேடிப்பிடித்துக் கூட்டிவந்து உட்கார்ந்து, நடுவே எலுமிச்சை ஊறுகாய் கேட்டு வாங்கி, முடித்துவிட்டுப் போனார். சிலர் கிடக்கட்டும், நான் எழுந்ததில் தப்பே இல்லை, சோறு நாலு பேர் பார்க்க அப்படியே இருக்கட்டும் என்றார்கள். செத்துப்போனவர்களின் பங்குதான் கொடுமை. எங்கள் ஊரில் மொய்தீன் சாச்சா என்று ஒருவர் உண்டு, எலும்பும் தோலுமாக இருப்பார், எந்தக் கல்யாணத்துக்கும் அழைக்காமலே வந்து முதல் பந்தியிலும் உட்காருவார் கடைசிப் பந்தியிலும் உட்காருவார், பெருவயிறன் என்று பிள்ளைகள் கேலி செய்யும், நாங்களும் சிரித்திருக்கிறோம். கப்பல் சஹன் முன்னால் அவர் வந்து நின்றார். அதில் மிஞ்சியதில் ஒரு பங்கு அவருடைய கூட்டாளியுடையது, அந்த மனுஷர் ஏதோ ஒரு சொல்லுக்காக எழுந்து பர்மாவுக்குப் போய் அங்கேயே மவுத்தாகிவிட்டார். "அதான், எனக்கு வாலிபத்திலிருந்து வயிறு நிறைஞ்சதே இல்ல" என்றார் மொய்தீன் சாச்சா, சாதாரணமாக, பஸ் வராததற்குக் காரணம் தெரிந்துகொண்டவர் மாதிரி. அவர் திரும்பி நடந்தார். நுஹ்மான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் அவன் ருகையாவிடம் சொல்லிவிட்டான். இந்த வீட்டில் அந்தச் சோற்று மணத்தில் என்னால் இருக்க முடியவில்லை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு எங்க உம்மா வீட்டுக்குப் போகிறேன், நீ என்னைக் குறை நினைக்காதே. எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ருகையா நல்ல பிள்ளை, குரலை உயர்த்தாதவள், அன்றைக்கு உம்மாவின் கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். "உம்மா, நீங்க பீங்கானைக் கட்டிக்கிட்டு அழுங்க. எனக்கு என் மாப்பிள்ளை வேணும். மாமாவைக் கூட்டிட்டு வாங்க, இல்லேன்னா நானும் இந்த வீட்டில இருக்கமாட்டேன்" என்றாள்.

ஹவ்வாவுக்கு அதற்குமுன்பே பயம் வந்துவிட்டது, எனக்குத் தெரியும், அவள் துடைக்கிற துணி ஒரே கோப்பையில் நின்றுகொண்டிருக்கும். ஆனால் தம்பி வீட்டு வாசலில் போய் நிற்க அவளுக்கு மனசு வரவில்லை, ஆகவே முதலில் எல்லாரும் செய்கிற தப்பைச் செய்தாள். மூன்றடுக்குத் தூக்கில் அந்தச் சோற்றை வைத்து என்னிடம் கொடுத்துவிட்டாள், தெற்குத் தெருவுக்குப் போய்த் திறந்தால் தூக்கு காலி. பிறகு சஹனையே கொண்டுபோகலாம் என்றாள், அடேயப்பா, அந்தச் சஹன் அவள் மகள் கல்யாணத்துக்கே கூடத்தைத் தாண்டாதது! நாலு பெண்கள் ஆளுக்கு ஒரு விளிம்பைப் பிடித்து, கீழே தலையணை வைத்த கூடையோடு ஒருத்தி குனிந்து நடக்க, ஹவ்வா முன்னால் நடந்து கல்லைப் பொறுக்கி வழியைச் சரிசெய்ய, பெண்கள் போகும் முடுக்கு வழியாக அந்தச் சோறு ஆவி பறக்க ஊர்வலம் போயிற்று. வீடுதோறும் கதவிடுக்கில் தலைகள். மொகுதூமின் பெண்டாட்டி பல்கீஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

மொகுதூம் உள்ளேயிருந்தே பேசினான். "அவங்க பீங்கானை அவங்களே வச்சிக்கச் சொல்லு. கையோட கீறல் எதாச்சும் விழுந்திருக்கான்னும் பார்த்துக்கச் சொல்லு."

"மருமகன் பட்டினி கிடக்கான் தம்பி" என்றாள் ஹவ்வா.

"அந்த வீட்டுல நான் விருந்தாளி. விருந்தாளியை முறையாக் கூப்பிட்டா வருவான், சும்மா சோத்தைத் தூக்கிட்டு வந்தா வருவானா?"

திரும்பி வந்தோம். வீட்டுக்குள் வந்ததும், "முறை வேணுமாம்ல, முறை! கொடுத்துட்டாப் போச்சு" என்றாள், அந்தக் குரலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் முறை போயிற்று. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, பன்னீர், எல்லாம் பச்சைக் கிண்ணங்களில் வைத்துத் தட்டில் மூடி, சம்பந்தியை அழைப்பது போல, சதக்கு காக்கா கடலை மென்றுகொண்டே இரண்டு பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போய், ஸலாம் சொல்லி, நாளை ஜும்ஆவுக்குப்பின் எங்கள் வீட்டில் விருந்து, தாங்கள் வந்து சிறப்பிக்க வேண்டும் என்று அழைத்தார். மறுக்க வழியில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, வெள்ளைச் சட்டை, அத்தர், தொப்பி என்று மொகுதூம் வந்தான். அவன் பிறந்த வீட்டுப் படியில் அவனுக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள். பன்னீர் தெளித்தார்கள். "வாங்க, வாங்க, உள்ளே வாங்க" என்றாள் ஹவ்வா திரைக்குப் பின்னாலிருந்து, தன் தம்பியைப் பார்த்து, வாங்க என்று. எனக்கு உடம்பு கூசியது. நுஹ்மானின் பெட்டி கட்டித் தயாராக வாசல் பக்கத்தில் இருந்தது, அதை எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

மீன் சஹனைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். மூன்று பக்கம் வெறும் பீங்கான், ஒரு பக்கம் ஆவி பறக்கும் சோறு, நடுவே பாதி மீன். மொகுதூம் பிஸ்மி சொல்லிக் கை வைத்தான். சோறு அவன் கையில் வந்தது, வாய்க்குப் போயிற்று, கூடத்தில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். இரண்டாவது கவளம், மூன்றாவது கவளம். அவன் மெல்ல மெல்லச் சாப்பிட்டான், விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிடுகிற மாதிரி, விரல் நுனி மட்டும் நனைய, சிந்தாமல், தலை நிமிராமல். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் திரையின் இடுக்கில் எட்டிப் பார்த்தோம். கால்பங்கு கால்பங்காகவே இருந்தது. ஒரு பருக்கைகூடக் குறையவில்லை, இரண்டு முந்திரிப்பருப்பும் மேலே அப்படியே இருந்தது.

"கறி இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா? கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றாள் ஹவ்வா.

"போதுமானது இருக்கு. ரொம்ப ருசியா இருக்கு. உங்களுக்கு ரொம்பச் சிரமம்" என்றான் மொகுதூம்.

"சிரமம் என்ன, உங்களை மாதிரி பெரியவங்க வந்ததே எங்களுக்குச் சந்தோஷம்."

இப்படியே இரண்டு பேரும் மாற்றி மாற்றி மரியாதை கொடுத்தார்கள், கொடுக்கக் கொடுக்கச் சோற்றில் ஆவி இன்னும் குபுகுபுவென்று எழுந்தது. மொகுதூமுக்கு வேர்த்தது. வயிறு முட்டி இடுப்புப் பட்டையைத் தளர்த்தினான். சம்பந்தி ஜலால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினார். சதக்கு காக்காவின் தொடை ஆடியது. நுஹ்மான் சோற்றைப் பார்த்தான், மாமாவின் கையைப் பார்த்தான், பிறகு பார்வை வாசல் பக்கம் பெட்டிக்குப் போயிற்று. அவன் இடது கையைத் தரையில் ஊன்றினான், எழுந்திருக்கப் போகிறான் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் ருகையா திரையை இறுக்கிப் பிடித்தாள், திரைக் கம்பி வளைந்தது.

அப்போதுதான் ஹவ்வா திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனாள். ஆண்கள் சஹனில் உட்கார்ந்திருக்கும்போது, சம்பந்தி இருக்கும்போது, ஒரு பெண் அப்படிப் போனதை எங்கள் ஊர் பார்த்ததில்லை. முக்காடு தோளில் கிடந்தது. சம்பந்தி பதறி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் யாரையும் பார்க்கவில்லை, தம்பிக்கும் மருமகனுக்கும் நடுவில் இடித்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தாள், ஆள்காட்டி விரலை அந்தச் சோற்றில் வைத்து நடுவாக ஒரு கோடு கிழித்தாள், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரும்பாதியை, இரண்டு முந்திரிப்பருப்பையும் சேர்த்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் சின்னப் பிள்ளையில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடும்போது அவள் அவனை ஏமாற்றுவது அப்படித்தான், நானே எத்தனை தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அவன் அழுதுகொண்டே உம்மாவிடம் ஓடுவான். அவள் ஒரு பெரிய கவளத்தை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனாள்.

மொகுதூம் அவள் மணிக்கட்டில் பளாரென்று ஒரு அடி கொடுத்தான்.

"லாத்தா! அது என் பங்கு!"

என் பங்கு என்கிற சொல்லை ஓர் ஆண்பிள்ளை தான் பிறந்த வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்லி எங்கள் ஊர்ச் சுவர்கள் கேட்டதில்லை. சொன்னவனுக்கே அது காதில் விழ ஒரு கணம் ஆயிற்று, அவன் கண் கலங்கிவிட்டது, கலங்கினதை மறைக்கக் குனிந்தான். ஹவ்வா கவளத்தைச் சஹனில் போட்டாள்.

"உன் பங்குன்னா தின்னேண்டா, மாடு! எத்தனை நாள் அதை நான் காவல் காக்குறது? எங்க எல்லாருக்கும் உயிர் போகுது" என்று அழுதாள், வாய்விட்டு, மூக்கு ஒழுக, சம்பந்தி முன்னால்.

அவன் தின்றான். ஐந்து விரலும் உள்ளங்கையும் நெய்யாக, தாடியில் பருக்கை ஒட்ட, இடது கையால் அக்காவை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, ஒரு பருக்கைகூட அவளுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்கிற மாதிரி தின்றான். மோதிரம் பீங்கானில் கிர்ர் கிர்ரென்று உரசியது, யாரும் வாய் திறக்கவில்லை. சோறு குறைந்தது. மீனின் நடுமுதுகு தெரிந்தது, வால் தெரிந்தது, பிறகு தட்டு வெறும் தட்டாக, நீலமும் வெள்ளையுமாக, ஆறிப்போய்க் கிடந்தது. சதக்கு காக்கா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சம்பந்தி சுவர்ப்பக்கம் பார்த்தபடியே நீளமாக ஓர் ஏப்பம் விட்டார்.

"இன்னும் சோறு இருக்கா?" என்றான் மொகுதூம்.

எங்கள் ஊரில் எந்த விருந்தாளியும் அப்படிக் கேட்கமாட்டான். ஹவ்வா முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "அடுப்படியில பெரிய சட்டியில இருக்கு. உனக்கு என்ன கை கால் இல்லையா, போய் எடுத்துக்கோ."

அவன் எழுந்தான். மற்ற மூன்று பேரும் உட்கார்ந்திருக்கும்போது அவன் மறுபடியும் சஹனிலிருந்து எழுந்ததைப் பார்த்து யா அல்லாஹ் என்று யாரோ முனகினார்கள். அவன் எங்களை இடித்துக்கொண்டு திரையைத் தாண்டிப் போனான். உள்ளே சட்டி மூடி விழுந்து உருண்டது, கரண்டி எங்கே வச்சிருக்கீங்க என்று ஒரு கத்தல் கேட்டது, பிறகு சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு திரும்பி வந்து அதே இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். ஒரு பெரிய அகப்பை நிறையச் சோற்றை அள்ளி முதலில் நுஹ்மான் பக்கம் நீட்டினான்.

நுஹ்மான் இரண்டு கையையும் விரித்துச் சஹனில் தன் பக்கத்தை மூடிக்கொண்டான்.

"போதும் மாமா" என்றான். "எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு."